சங்கரி அழித்த பெயர்

பலகையிலிருந்து என் பெயரை எடுங்கள் என்று ஒருத்தி சண்டைக்கு வந்து நின்றால் பூஜைக் கமிட்டிக்காரர்கள் என்ன செய்வார்கள்? முதலில் உட்கார வைத்து டீ வாங்கிக் கொடுப்பார்கள். கல்கத்தாவின் பெஹாலாவில் அந்த துர்கா பூஜை கிளப் ஆரம்பித்த நாளிலிருந்து, பெயர் போடவில்லை என்று வந்த சண்டைதான் அவர்களுக்குத் தெரியும். சின்னதாகப் போட்டார்கள், தப்பாகப் போட்டார்கள், மைத்துனன் பெயருக்குக் கீழே போட்டார்கள் என்று எத்தனையோ பஞ்சாயத்து பார்த்தவர்கள். போட்ட பெயரை எடு என்று இதுவரை யாரும் வந்ததில்லை. அதனால் எல்லோரும் தபன் அண்ணா என்ற அர்த்தத்தில் தபன்தா என்று கூப்பிடும் செயலாளர், சங்கரிக்கு உடம்பு சரியில்லை போலிருக்கிறது என்று நினைத்து, டீயோடு இரண்டு பிஸ்கட்டும் சேர்த்துக் கொண்டுவரச் சொன்னார்.

சங்கரியின் உடம்புக்கு ஒன்றுமில்லை. நாற்பத்தேழு வயதுக்கு நன்றாகத்தான் இருந்தாள். அவளுக்கு இருந்தது கோபம். அதுவும் அன்றைக்கு வந்த கோபம் இல்லை, இருபது வருஷத்துக்கு மேலாகச் சேர்ந்துகொண்டே வந்தது.

அவள் பிறந்தது கிடர்பூர் துறைமுகக் குவார்ட்டர்ஸில். அப்பா மூக்கையா சாத்தூர்ப் பக்கத்திலிருந்து வந்து, லாக் கேட் திருப்பும் வேலையில் சேர்ந்தவர். ஆற்றிலிருந்து கப்பல் துறைக்குள் வர வேண்டுமென்றால் நடுவில் ஒரு பெரிய தொட்டியில் நிற்க வேண்டும். ஒரு கதவைத் திறந்து கப்பலை உள்ளே விட்டு, கதவை மூடி, தண்ணீரை ஏற்றி, அப்புறம் மறு கதவைத் திறப்பார்கள். அந்தக் கதவுகளை முப்பத்தோரு வருஷம் திருப்பி, வலது காதை வின்ச் இயந்திரத்தின் இரைச்சலுக்குக் காணிக்கையாகக் கொடுத்துவிட்டு ஓய்வு பெற்றவர் மூக்கையா. மகளை ஜாதவ்பூரில் எலக்ட்ரானிக்ஸ் படிக்க வைத்தார். மகள் நல்ல கம்பெனியில் சேர்ந்து, மூன்றாம் வருஷமே அதை உதறிவிட்டு, இசையமைக்கப் போகிறேன் என்று வந்து நின்றாள். எந்தப் படத்துக்கு என்று கேட்டார். படத்துக்கு இல்லை என்றாள். பாடுவது யார் என்றார். யாரும் பாட மாட்டார்கள் என்றாள். அதற்கு மேல் அவர் எதுவும் கேட்கவில்லை. அன்றிலிருந்து, மகள் என்ன செய்கிறாள் என்று யார் கேட்டாலும் கம்ப்யூட்டர் வேலை என்று சொல்லிவிடுவார்.

அவள் செய்தது மின்னணு இசை, அதிலும் மெதுவானது. ஒரு சுரம் எழுந்து அடங்க ஒரு நிமிஷம் எடுத்துக்கொள்ளும். தாளம் கிடையாது. தானே ஒயர் பற்றவைத்துச் செய்த கருவிகளும், ஊரெல்லாம் அலைந்து பதிவு செய்த ஓசைகளும்தான் மூலதனம். கடைக்காரர்கள் அதற்கு நியூ ஏஜ் என்று ஒரு பெயர் வைத்து, ஊதுபத்திக்கும் யோகா பாய்க்கும் பக்கத்தில் அடுக்கினார்கள். எட்டு மாதம் மண்டையை உடைத்துக்கொண்டு ஒரு ஆல்பம் செய்வாள். கேட்டவர்கள், "போட்டுட்டுப் படுத்தேன், பத்தே நிமிஷத்துல தூங்கிட்டேன், அருமை" என்பார்கள். பாராட்டுகிறார்களாம். டயமண்ட் ஹார்பர் ரோட்டில் ஒரு பல் டாக்டர், பல்லைப் பிடுங்கும்போதெல்லாம் அவளுடைய மூன்றாவது ஆல்பத்தைப் போடுகிறார். அது அவளுடையது என்று அவருக்குத் தெரியாது. அவளே அங்கே வாயைத் திறந்துகொண்டு படுத்திருந்தபோதுதான் கேட்டாள், வாயில் பஞ்சு இருந்ததால் ஒன்றும் சொல்ல முடியவில்லை. ஒன்பது ஆல்பங்கள் வந்துவிட்டன. ஜெர்மனியில் ஒரு சின்னக் கம்பெனி மூன்றை வெளியிட்டது. அங்கிருந்து முன்பின் தெரியாத ஒருவர், இருபத்தேழாம் நிமிஷத்தில் ஒரு சுரம் தாமதமாக வருகிறதே, அது வேண்டுமென்றே செய்ததா என்று கேட்டு எழுதினார். அந்தக் கடிதத்தை அவள் பத்திரமாக வைத்திருக்கிறாள். கல்கத்தாவில் அவளுக்குப் பெயர் ஸ்பா திதி, அதாவது ஸ்பா அக்கா.

இந்த நிலையில்தான் சுப்ரியா கூப்பிட்டாள். ஜாதவ்பூரில் கூடப் படித்தவள், இப்போது பூஜைப் பந்தல்களுக்குக் கருத்து உருவாக்கும் ஓவியர். இந்த ஊரில் துர்கா பூஜைக்குப் பந்தல் போடுவது துணி கட்டுகிற வேலை இல்லை. ஒவ்வொரு கிளப்பும் வருஷத்துக்கு ஒரு கருத்தை எடுத்துக்கொண்டு நான்கு மாதம் உழைக்கும். ஓவியர், சிற்பி, விளக்குக்காரர், அப்புறம் பந்தலுக்குள் ஒலிக்கும் இசைக்கு ஒருவர். அந்த இசைக்கு ஆபஹோ என்று பெயர். வாசலில் பெரிய பலகை வைத்து, கருத்து இன்னார், சிலை இன்னார், ஒளி இன்னார், ஆபஹோ இன்னார் என்று எழுதுவார்கள். நடுவர்கள் வந்து ஒவ்வொன்றுக்கும் பரிசு கொடுப்பார்கள். சுப்ரியா அந்த வருஷம் எடுத்த கருத்து நங்கூரம். துருப்பிடித்த தகரங்களால் ஒரு கப்பலின் அடிவயிற்றைக் கட்டி, அதற்குள் துர்கையை நிறுத்தப் போகிறாள். "கிடர்பூர்ல பிறந்தவ நீ. இதை உன்னைத் தவிர யாரும் செய்ய முடியாது" என்றாள்.

சங்கரி மூன்று மாதம் ஆபீஸ் ஆபீஸாக ஏறி இறங்கி அனுமதி வாங்கினாள். தண்ணீருக்குள் இறக்கும் மைக்கோடு லாக் கேட்டில் போய் உட்கார்ந்தாள். ஒரு கப்பல் தொட்டிக்குள் நுழைந்ததிலிருந்து மறுபக்கம் வெளியேறும்வரை அடியில் என்னவெல்லாம் கேட்கிறதோ அத்தனையையும் பிடித்தாள். சங்கிலி முனகுவது, மடைக்குள் தண்ணீர் முட்டி மோதுவது, பிறகு இரண்டு பக்கமும் தண்ணீர் சமமாகிக் கதவு திறப்பதற்கு முன் வருகிற, கிட்டத்தட்ட ஒன்றுமே கேட்காத நான்கு நிமிஷம். இதையெல்லாம் வைத்து நாற்பது நிமிஷத்துக்கு ஒரு இசை செய்தாள். வாழ்க்கையில் அவள் செய்ததில் அதுதான் சிறந்தது. அது அவளுக்கே தெரிந்தது, அப்படித் தெரிவது அபூர்வம்.

பந்தலுக்குள் யாரும் மூன்று நிமிஷத்துக்கு மேல் நிற்க முடியாது. பின்னால் ஆயிரம் பேர் நெருக்குவார்கள். அது அவளுக்கு நன்றாகத் தெரியும். தெரிந்துதான் செய்தாள். ஒருவருக்குச் சங்கிலி கிடைக்கும், ஒருவருக்குத் தண்ணீர், ஒருவருக்கு அந்த அமைதி. ஒரே பந்தலுக்குப் போய்வந்த இரண்டு பேர் வீட்டில் பேசிக்கொள்ளும்போது ஆளுக்கு ஒன்று கேட்டிருப்பார்கள். முழு இசையையும் ஊர்தான் கேட்டிருக்கும், தனி ஆள் யாரும் கேட்டிருக்க மாட்டார். இதை நினைத்து நினைத்து அவள் தனக்குள்ளேயே சந்தோஷப்பட்டாள்.

பூஜைக்கு முந்தின சதுர்த்தி அன்று சாயங்காலம், ஒலி அளவைச் சரிபார்க்கலாம் என்று பந்தலுக்குப் போனவள் வாசலிலேயே நின்றுவிட்டாள்.

உள்ளே வேறு ஏதோ ஓடிக்கொண்டிருந்தது. வேறு என்றும் சொல்ல முடியவில்லை. அவளுடைய சுரங்கள் எப்படி மெல்ல எழுமோ அப்படியே எழுந்தன. அவளுடைய சங்கிலி, அவளுடைய தண்ணீர். ஆனால் இரண்டாம் நிமிஷத்தில் வயலின்கள் கும்பலாக வந்து உருகின, ஒரு சங்கு ஊதியது, டமடமவென்று முரசு முழங்கியது, கடைசியில் கப்பல் ஹார்ன் அடித்து முடிந்தது. முடிந்த கையோடு மறுபடியும் முதலிலிருந்து. அவளுடைய புடவையைக் கட்டிக்கொண்டு யாரோ ஒருத்தி தெருவில் ஆடிக்கொண்டு போவதைப் பார்த்தமாதிரி இருந்தது.

மைக் செட்காரர் பெருமையாகச் சொன்னார். போனில் ஒரு ஆப் இருக்கிறதாம். அவளுடைய நாற்பது நிமிஷத்தை அதற்குள் போட்டு, மூன்று நிமிஷத்துக்குச் சுருக்கு, கடைசியில் உருக்கமாக இருக்கட்டும் என்று சொன்னாராம். அரை நிமிஷத்தில் கொடுத்துவிட்டதாம். "ரெண்டு நிமிஷம் ஐம்பது செகண்ட், திதி. கச்சிதம்."

அப்போதுதான் பலகையைப் பார்த்தாள். துரு நிறப் பின்னணியில் ஆபஹோ என்று எழுதி, பக்கத்தில் கொட்டை எழுத்தில், வெள்ளைப் பெயின்ட்டில், சங்கரி மூக்கையா என்று இருந்தது. கோபத்தில் அவளுக்குக் காது அடைத்தது.

தபன்தா நல்ல மனிதர். அதுதான் பெரிய தொந்தரவு. கெட்டவனாக இருந்தால் நாலு வார்த்தை கேட்டுவிட்டு வந்திருக்கலாம். டீயையும் பிஸ்கட்டையும் அவள் தொடவில்லை என்பதைக் கவலையோடு பார்த்துக்கொண்டே, வங்காளத்தில் பொறுமையாக விளக்கினார்.

"திதி, அஷ்டமிக்குப் பிரசாதம் போடுறோம். வரிசையில நிக்கிற அத்தனை பேருக்கும் ஒரே கரண்டி கிச்சுரி, ஒரே கரண்டி லாப்ரா கூட்டு. முன்னாடி வந்தவனுக்குக் கிச்சுரி, பின்னாடி வந்தவனுக்கு வெறும் சட்னின்னா விட்டுடுவாங்களா? உங்க பாட்டுல ஒருத்தனுக்குச் சங்கிலி கிடைக்குது, ஒருத்தனுக்குத் தண்ணி கிடைக்குது, ஒரு பாவப்பட்டவனுக்கு ஒண்ணுமே கிடைக்கல. நேத்து உங்களோடதைப் போட்டுப் பார்த்தோம். எதிர்வீட்டு அம்மா உள்ள போய் நின்னு, ஒரு சத்தமும் வரலையேன்னு வருத்தமா திரும்பி வந்துட்டாங்க. வயசானவங்க. அவங்க பங்கை நாம பிடுங்கலாமா? இப்ப எல்லாருக்கும் எல்லாம் கிடைக்குது."

"அவங்களுக்குக் கிடைச்சதுதான் அதுல ரொம்ப முக்கியமான இடம்."

"அது அவங்களுக்குத் தெரியலையே."

"சரி, மாத்திட்டீங்க. அப்ப எதுக்கு என் பேரு?"

தபன்தா உண்மையாகவே அதிர்ந்துபோனார். "உங்க பாட்டைத்தானே மெஷினுக்குள்ள போட்டோம்? அதுலேருந்து வந்தது உங்களோடதுதானே? உங்க பேரைப் போடாம விட்டா அது திருட்டு. எங்க கிளப் அந்த மாதிரி இல்ல, திதி."

 நாணயஸ்தன் நாணயமாகவே கழுத்தை அறுத்துக்கொண்டிருக்கிறான். சங்கரி எழுந்து, "ஒண்ணு என் நாப்பது நிமிஷத்தைப் போடுங்க. இல்லைன்னா என் பேரை எடுங்க. ரெண்டுல ஒண்ணு நடக்கணும்" என்றாள். நாளை பஞ்சமி மதியம் நடுவர்கள் வருகிறார்கள், இப்போது போய் எதையும் மாற்ற முடியாது, பெயர் இல்லாவிட்டால் ஆபஹோவுக்குப் பரிசே கிடையாது என்று தபன்தா கையைப் பிசைந்தார்.

சுப்ரியாவுக்குப் போன் செய்தாள். "என் தகரத்துல கூடத்தான் நீல பெயின்ட் அடிச்சுட்டாங்க. நான் பொறுத்துக்கலையா? கொஞ்சம் விட்டுக்கொடு" என்றாள் சுப்ரியா. சுப்ரியாவின் பெயர் பலகையில் முதலாவதாக இருந்தது. சங்கரி போனை வைத்துவிட்டாள்.

வீட்டுக்கு வந்தால் அங்கே வேறு கூத்து. மூக்கையா அன்று காலையே பந்தலுக்குப் போய் பலகையைப் போட்டோ எடுத்து, சாத்தூரில் உள்ள சொந்தக்காரர்களுக்கும், துறைமுகத்தில் கூட வேலை பார்த்தவர்களின் குரூப்புக்கும் அனுப்பியிருந்தார். இத்தனை வருஷத்தில் முதல்முறையாக, மகளின் வேலை என்று விரல் நீட்டிக் காட்ட அவருக்கு ஒன்று கிடைத்திருந்தது.

"சஷ்டியன்னைக்குக் காலையில கிடர்பூர்லருந்து வேன் பிடிச்சு ஆறு பேரு வாராகத்தா. என்கூட கேட்டு திருப்புன நடராஜனும் வாரான், முட்டி வலியோட. ஒம் பேரைப் பாக்கணுமாம்."

"அப்பா, அந்தப் பேரை எடுக்கச் சொல்லியிருக்கேன்."

அவர் இடது காதைத் திருப்பினார். அவள் மறுபடி சொன்னாள். நடந்ததையும் சொன்னாள்.

"பேரு போட்டதுல என்னத்தா குத்தம்? நல்லாத்தான போட்டுருக்காக, கொட்டை எழுத்துல."

"உள்ள கேக்குறது நான் போட்டது இல்லப்பா."

"அது யாருக்குத் தெரியப் போகுது?"

"ஆமா, யாருக்குத் தெரியப் போகுது? காலையில நீங்களும்தானே உள்ள போய்க் கேட்டீங்க. என்னோடது இல்லைன்னு உங்களுக்கே தெரியல."

மூக்கையா போனை மேஜைமேல் கவிழ்த்து வைத்தார். பிறகு, "எனக்கு என்னைக்குத் தெரிஞ்சிருக்கு?" என்றார். அதில் குத்தல் இல்லை, உள்ளதைச் சொன்னார். அதுதான் அவளுக்கு இன்னும் எரிச்சலைக் கிளப்பியது. ஒரே வீட்டில், ஒரு சுவருக்கு அந்தப்பக்கம், ஒன்பது ஆல்பம். ஒன்றையாவது உட்கார்ந்து கேட்டிருக்கிறாரா? அவரும் பலகையைப் பார்க்கத்தான் போனார், வருகிற ஆறு பேரும் பலகையைப் பார்க்கத்தான் வருகிறார்கள்.  அழுதால் கோபம் வீணாகிவிடும் என்று எழுந்து உள்ளே போனாள்.

பஞ்சமி காலையில் எட்டு மணிக்கு, பந்தலுக்குப் பின்னால் வேலையாட்கள் வைத்திருந்த ரெட் ஆக்சைடு பெயின்ட் டப்பாவையும் ஒரு பிரஷ்ஷையும் எடுத்துக்கொண்டு பலகைக்கு முன்னால் ஸ்டூலைப் போட்டு ஏறினாள். யாராவது தடுப்பார்கள், ஒரு பெரிய சண்டை நடக்கும் என்று தயாராகப் போயிருந்தாள். யாரும் தடுக்கவில்லை. கடைசி நேரத்தில் பெயின்ட்டும் பிரஷ்ஷுமாகத் திரிகிற நூறு பேரில் அவளும் ஒருத்தி என்று நினைத்துக்கொண்டார்கள். ஒரு கிளப் உறுப்பினர் ஸ்டூல் ஆடுகிறதே என்று வந்து பிடித்துக்கொண்டார். "இடது பக்கம் கொஞ்சம் வெள்ளை தெரியுது" என்று யோசனையும் சொன்னார். தன் பெயரைத் தானே அழித்துக்கொண்டு, தாங்க்ஸ் அண்ணா என்று சொல்லிவிட்டு இறங்கினாள். துரு நிறத்தில் துரு நிறம் ஒட்டிக்கொண்டது. ஆபஹோ என்ற வார்த்தை மட்டும் நின்றது, பக்கத்தில் ஒன்றும் இல்லை.

விஷயம் அதோடு முடிந்திருந்தால் பரவாயில்லை.

மதியம் நடுவர்கள் வந்தார்கள். இங்கே ஏன் பெயர் இல்லை என்று ஒருவர் கேட்டார். தபன்தாவுக்கு வியர்த்திருக்க வேண்டும். ஆனால் அவர் சமாளித்தார். "எங்க ஆபஹோ கலைஞர் எழுதின பேரைத் தானே அழிச்சுட்டாங்க. கலைதான் நிக்கணும், பேர் வேண்டாம்ங்கிறாங்க. அவ்வளவு அடக்கம்." நடுவர்கள் நெகிழ்ந்துபோனார்கள். ஒரு அம்மாள் கண்ணைத் துடைத்துக்கொண்டாராம். யாரோ அந்த வெற்றிடத்தைப் படம் எடுத்துப் போட, சாயங்காலத்துக்குள் ஊரெல்லாம் அது சுற்றியது. பெயரை விரும்பாத கலைஞர். இந்தக் காலத்திலும் இப்படி ஒருவரா? ஆயிரக்கணக்கில் கைகூப்பினார்கள். சங்கரி போனைத் தூக்கிக் கட்டிலில் எறிந்தாள். செருப்பால் அடித்தமாதிரி ஒரு காரியம் செய்திருக்கிறோம் என்று அவள் நினைத்துக்கொண்டிருக்க, அவர்கள் அதற்குச் சந்தனம் பூசிக்கொண்டிருந்தார்கள். அடக்கமாம். அவள் வாழ்நாளில் ஒரு நாளாவது அடக்கமாக இருந்ததுண்டா?

சஷ்டி காலை பத்து மணிக்கு வேன் வந்தது. பெயரை அழித்துவிட்டதை மூக்கையாவிடம் அவள் முந்தின நாளே சொல்லியிருந்தாள். அவர் கேட்டுக்கொண்டார், திட்டவில்லை. வருகிறவர்களிடம் வர வேண்டாம் என்றும் சொல்லவில்லை. கூட்டத்தில் தனியாக நடக்க அவரால் முடியாது என்பதால், அவள்தான் கையைப் பிடித்துக்கொண்டு போனாள். நடராஜனும் மற்றவர்களும் சலவை வேட்டியும் புதுச் சட்டையுமாகப் பின்னால் வந்தார்கள்.  பெற்ற தகப்பனை நண்பர்கள் முன்னால் தலைகுனிய வைக்கப் போகிறோம் என்று குற்றமாக இருந்தது, அதோடு கமிட்டிமேல் கோபம் இரண்டு பங்கானது.

பலகையைப் பார்த்ததும் மூக்கையா நின்றார். அழிக்கப்பட்ட இடத்துக்குமேல் ஒரு ஆணி அடித்து, சாமந்தி மாலை போட்டிருந்தார்கள். கீழே ஊதுபத்தி புகைந்தது.

நடராஜன் மெதுவாக, "என்னப்பா இது, உசுரோட இருக்கிற புள்ளைக்கு மாலை போட்டுருக்கான்?" என்றார்.

தபன்தா ஓடிவந்தார். வயதானவர்களைக் கண்டதும் குனிந்து பாதம் தொட்டார். "உங்க பொண்ணு மகாலட்சுமி, ஐயா. எவ்வளவு அடக்கம். இந்தப் பலகையில இருக்கிற அத்தனை பேரையும்விட இந்தக் காலி இடத்தைத்தான் ஜனங்க வந்து கும்பிடுறாங்க."

ஆறு பேரும் மூக்கையாவைப் பார்த்தார்கள், அந்தப் பார்வையில் மரியாதை இருந்தது. கொட்டை எழுத்தில் இருந்த பெயரைவிட இது பெரிய கௌரவம். அவர் வாயைத் திறக்கவே வேண்டாம், சும்மா தலையாட்டினால் போதும். சாத்தூர்வரை பேச்சு போகும். சங்கரி அப்பாவின் கையைப் பிடித்திருந்த பிடியை விட்டுவிட்டாள். தலையாட்டினால் ஆட்டட்டும், அவரைக் குற்றம் சொல்ல முடியாது என்று நினைத்தாள்.

மூக்கையா எட்டி மாலையைப் பிடித்து இழுத்தார். ஆணியோடு வந்தது.

"அடக்கம்லாம் ஒண்ணும் கிடையாது" என்றார், தனக்குத் தெரிந்த துறைமுக வங்காளத்தில், காது கேளாதவர்கள் பேசுகிற உரத்த குரலில். வரிசையில் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். "அவ கோவத்துல அழிச்சா. உள்ள கேக்குறது அவ போட்டது இல்ல. அவ போட்டதை எடுத்துட்டு மெஷின் போட்டதைப் போட்டுருக்கீங்க. அதான் அழிச்சா. கேக்கிறவங்ககிட்ட அதைச் சொல்லு."

 தபன்தா மாலையைக் கையில் வாங்கிக்கொண்டு நின்றார்.

நடராஜன் முட்டியைப் பிடித்துக்கொண்டு பக்கத்துப் படியில் உட்கார்ந்தார். அவருக்கு ஒரே ஒரு சந்தேகம்தான் இருந்தது. "சரி, அப்ப பாப்பா போட்டது எப்படி இருக்கும்?"

மூக்கையா மகளைப் பார்த்தார். அப்புறம் தரையைப் பார்த்தார். அவருக்குச் சொல்லத் தெரியவில்லை.

மறுநாள், சப்தமி காலையில், குளித்து விபூதி பூசிக்கொண்டு அவளுடைய அறை வாசலில் வந்து நின்றார். "அதைப் போடு, கேப்போம்" என்றார்.

தெருவில் மேளம் முழங்கிக்கொண்டிருந்தது. அவள் ஜன்னல்களையெல்லாம் சாத்தினாள். அவருடைய இடது காது ஸ்பீக்கர் பக்கம் வரும்படி நாற்காலியைத் திருப்பிப் போட்டாள். ஒலி அளவை இரண்டுமுறை சரிபார்த்தாள். ஜெர்மனிக்கு அனுப்பும்போதுகூட இவ்வளவு பார்த்ததில்லை.

மூக்கையா இரண்டு கையையும் முழங்கால்மேல் வைத்துக்கொண்டு, பள்ளிக்கூடத்தில் உட்காருகிறமாதிரி உட்கார்ந்தார். ஐந்து நிமிஷம் போனது, பத்து நிமிஷம் போனது. முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. ஒருமுறை மட்டும், இது என்ன சத்தம் என்று கேட்டார்.

"லாக் கேட்டுப்பா. தண்ணிக்கு அடியில."

"நாங்க மேலதான நின்னோம்" என்றார், அவ்வளவுதான். நான்கு நிமிஷ அமைதி வந்தபோது, நின்றுவிட்டதோ என்று மகளைப் பார்த்தார். இல்லை என்று தலையசைத்தாள். மறுபடி காதைக் கொடுத்தார். நாற்பதாவது நிமிஷம் கதவு திறந்து, கடைசிச் சுரம் நீண்டு அடங்கியது.

"முடிஞ்சதாத்தா?"

"முடிஞ்சதுப்பா."

"நெசத்தைச் சொல்லட்டா?"

"சொல்லுங்க."

"பந்தல்ல போட்டுருக்காகல்ல, அது இதைவிட நல்லாருக்கு. கேட்டதும் பிடிக்குது. முரசெல்லாம் அடிக்கும்போது எனக்குச் சிலிர்த்துப்போச்சு. இது எனக்கு ஒட்டல."

சங்கரிக்கு ரத்தம் தலைக்கு ஏறியது. வாயைத் திறந்தாள்.

"ஆனா அது வேற, இது வேற" என்றார் மூக்கையா. "அதுல ஒம் பேரு இருக்கக் கூடாது. நீ அழிச்சது சரிதான்." நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டு மெல்ல எழுந்தார். "காப்பி போடு."

அவள் அடுப்படிக்குப் போய்ப் பாலை வைத்தாள். கோபம் கொஞ்சமும் குறையவில்லை. தபன்தா மேல், சுப்ரியா மேல், அந்த ஆப் மேல், இப்போது இவர் மேல். பால் பொங்கும்வரைகூட அவளால் பொறுக்க முடியவில்லை. தீயைக் குறைத்துவிட்டு, கரண்டியும் கையுமாக வாசலுக்கு வந்து நின்றாள்.

"ஒட்டலன்னா எந்த இடத்துல ஒட்டல? எத்தனாவது நிமிஷத்துல?" என்று சண்டைக்கு நின்றாள்.

மூக்கையா மறுபடியும் உட்கார்ந்தார். கண்ணை மூடி, ஆரம்பத்திலிருந்து ஒவ்வொன்றாக நினைத்துப் பார்க்கத் தொடங்கினார்.